தண்டவாளத்து ஓரம் ஒரு துத்தநாகக் கார்

மேசைமேல் ரயில் ஓட்டுகிறவருக்கு ரயிலைவிடக் கார்தான் அதிகத் தொல்லை கொடுக்கும். தண்டவாளம், ஸ்டேஷன், மலை, கடைத்தெரு எல்லாம் வைத்து அவர் ஒரு சின்ன ஊரையே கட்டியிருப்பார். அதை 'லேஅவுட்' என்பார்கள். அந்த ஊரில் எஞ்சினின் நீளம் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் பார்க்க வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. உண்மையான எஞ்சினை நாம் பிளாட்பாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. கார் அப்படியில்லை. அதன் கதவைத் திறந்திருக்கிறோம், குனிந்து ஏறியிருக்கிறோம், கூரையில் கை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறோம். அதன் அளவு நம் உடம்புக்கே தெரியும். ஆகவே ஸ்டேஷன் வாசலில் அளவு தப்பிய ஒரு காரை நிறுத்தினால் போதும், கார் பெரிதாகத் தெரியாது. ஸ்டேஷனும் ரயிலும் ஊரும் பொம்மையாகச் சுருங்கிவிடும்.

கார் பொம்மைகளை மட்டும் சேர்க்கிறவர் நிறம், மாடல், அரிய பெட்டி என்று தேடுவார். லேஅவுட்டுக்காகச் சேர்க்கிறவர் தேடுவது ஒரு விகிதத்தை. அந்த விகிதம் எங்கிருந்து வந்தது, உலோகம் அதற்கு எங்கே இணங்குகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்பது நல்லதொரு அறிவியல் கதை.

ரயிலுக்காகப் பிறந்தது

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பின்ஸ் சாலையில் மெக்கானோ நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. அதை நிறுவிய ஃபிராங்க் ஹார்ன்பியின் பொம்மை ரயில்கள் 1920 முதல் விற்பனையில் இருந்தன. ரயில் வாங்கிய வீட்டுக்கு ஸ்டேஷன் வேண்டும், ஸ்டேஷனுக்கு ஆட்கள் வேண்டும். 1931இல் ஸ்டேஷன் ஊழியர்களின் சின்னஞ்சிறு உருவங்கள் வந்தன. ஸ்டேஷன் வாசலுக்கு வண்டி வேண்டாமா? 1933இன் இறுதியில் 22ஆம் எண் தொகுப்பு வெளியானது. இரண்டு கார்கள், ஒரு லாரி, ஒரு சரக்கு வேன், ஒரு டிராக்டர், ஒரு ராணுவ டாங்கி என்று மொத்தம் ஆறு. ரயிலுக்குப் பக்கத்தில் வைக்கும் துணைச் சாமான் என்றுதான் அவை விற்கப்பட்டன.

மறு ஆண்டே அவற்றுக்கு 'டிங்கி டாய்ஸ்' என்று பெயர் மாறியது. துணைக்கு வந்த சாமான் தனி வியாபாரமாக வளர்ந்து, ரயில் இல்லாத வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பின்ஸ் சாலை ஆலை 1979இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே, வழக்கொழிந்த அதன் அச்சுகள் சில இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் மறுபடி கார்களை வார்த்தன.

வம்சம் பிரிந்தாலும் அடையாளம் போகவில்லை. இன்று உலகெங்கும் கார் மாதிரிகளுக்குப் பேர்போன அளவு 1:43. இந்த விசித்திரமான எண் பிறந்தது ரயிலில்தான். பிரிட்டனில் 'ஓ' அளவு ரயிலை, நிஜத்தின் ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்தார்கள். ஒரு அடி என்பது 304.8 மி.மீ. ஏழால் வகுத்தால் 43.5. ரயிலே ஓடாத அலமாரியில் நிற்கும் ஃபெராரிகூட இந்தப் பழைய ரயில் கணக்கைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

எந்த அளவு, யாருடைய அளவு

வீட்டில் 'ஓ' அளவுக்கு இடம் போதாமல், அதில் பாதியாக 'ஹெச்ஓ' வந்தது. அடிக்கு 3.5 மி.மீ., அதாவது 1:87. இன்று உலகில் மிகப் பரவலான ரயில் அளவு இதுதான். 1435 மி.மீ. அகலமுள்ள நிஜத் தண்டவாளத்தை 87ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. கணக்கு கச்சிதம்.

பிரிட்டனில் மட்டும் கணக்கு இடறியது. அந்நாட்டு எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒடுங்கியவை. அன்றைய மோட்டார்களை 1:87 உடலுக்குள் நுழைப்பது கஷ்டமாக இருந்தது. எனவே உடலை மட்டும் அடிக்கு 4 மி.மீ. என்று பெருக்கினார்கள். தண்டவாளம் 16.5 மி.மீ. ஆகவே நின்றுவிட்டது. இதுதான் 1:76 எனப்படும் 'டபுள் ஓ'. இதன் தண்டவாளத்தை நிஜ அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் 1257 மி.மீ.தான் வரும். 18 சென்டிமீட்டர் குறைவு. பிரிட்டிஷ் ரசிகர்கள் இந்தக் குறையோடு ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். அதில் ஒரு நன்மையும் விளைந்தது. 1957இல் இந்த அளவுக்கென்றே 'டப்லோ டிங்கி' வண்டிகள் வந்தன. பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டு டைகாஸ்ட், ஈஎஃப்ஈ போன்ற பெயர்களில் 1:76இல் உலோக பஸ்களும் லாரிகளும் குவிந்தன. லேஅவுட்டுக்கு உலோக வண்டி சேர்க்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிடச் செழிப்பான அளவு வேறில்லை.

ஆசை மீறும் இடம் வேறொன்று. நம் வீட்டுப் பிள்ளைகளின் பெட்டியில் கிடக்கும் ஹாட் வீல்ஸ் கார்கள் ஏறத்தாழ 1:64 அளவின. 'சின்னதாகத்தானே இருக்கிறது, ரயில் பக்கத்தில் வைத்தால் என்ன?' என்று தோன்றும். கணக்குப் போடுவோம். 4.5 மீட்டர் கார் 1:87இல் 52 மி.மீ., 1:64இல் 70 மி.மீ. நீளத்தில் 36 விழுக்காடுதான் கூடுதல். ஆனால் கண் நீளத்தை மட்டும் பார்ப்பதில்லை. அகலமும் உயரமும் அதே விகிதத்தில் கூடுவதால், பருமன் இரண்டரை மடங்காகிவிடுகிறது. 1:76க்கும் 1:87க்கும் இடையே நீளத்தில் 14 விழுக்காடுதான் வித்தியாசம். பருமனிலோ ஒன்றரை மடங்கு. 'கொஞ்சம்தான் பெரிது' என்று வாங்கிய வண்டி, ரயிலுக்குப் பக்கத்தில் போனதும் பூதமாகத் தெரிவதற்குக் காரணம் இந்தக் கனக் கணக்கு.

இன்னொரு பொறி, பெட்டிக்கு ஏற்ற அளவு. 1953இல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் வரிசை, பெயருக்கேற்பத் தீப்பெட்டி போன்ற அட்டைப் பெட்டிக்குள் அடங்கும் வண்டிகளால் புகழ்பெற்றது. எல்லா வண்டியும் ஒரே பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்றால் விகிதம் எப்படி நிலைக்கும்? 70 மி.மீ. இடத்தில் 4.2 மீட்டர் காரை வைத்தால் 1:60. 8 மீட்டர் பஸ்ஸை வைத்தால் 1:114. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வரிசை, ஒரே விலை. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பஸ் ஓட்டுநர் கார்க்காரரின் இடுப்புக்குத்தான் வருவார். அட்டையில் அச்சிட்ட பெயரை நம்பி லேஅவுட்டுக்கு வண்டி வாங்கக் கூடாது என்பதற்கு இந்த ஒன்று போதும்.

உலோகத்தின் பிடிவாதம்

டைகாஸ்ட் என்பது அச்சு வார்ப்பு. வெண்கலச் சிலைக்கு மண் அச்சு. சிலை வந்ததும் அச்சு உடையும். இங்கே எஃகு அச்சு. லட்சக்கணக்கான வார்ப்புகளுக்குத் தாங்கும். உருக்கிய துத்தநாகக் கலவையை ஒரு உந்துதண்டு அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தும். குளிர்ந்த எஃகில் பட்டதும் உலோகம் கண்ணிமைக்கும் நேரத்தில் உறையும். அச்சு இரண்டாகப் பிரியும், ஊசிகள் காரை வெளியே தள்ளும். விளிம்பில் பிதுங்கிய தகட்டை நீக்கி, உருட்டித் தேய்த்து, வண்ணம் பூசுவார்கள்.

அந்தக் கலவைக்கு 'ஸாமாக்' என்று பெயர். துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த சொல் இது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஸிங்க் நிறுவனம் 1929இல் இதை உருவாக்கியது. பிரிட்டனில் இதை 'மஸாக்' என்பார்கள். நூற்றில் நான்கு பங்கு அலுமினியம், துளி மெக்னீசியம், வகைக்கேற்பக் கொஞ்சம் செம்பு, மற்றதெல்லாம் துத்தநாகம். 385 டிகிரி செல்சியஸ் சுமாரில் உருகிவிடும். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். வெப்பம் குறைந்தால் அச்சின் ஆயுள் கூடும், பொம்மையின் விலை குறையும். துத்தநாகம் ஜெயித்த காரணம் இவ்வளவுதான்.

ஆனால் உருகிய உலோகம் ஓரளவுக்கு மேல் மெல்லிய சந்தில் ஓடாது. நிரம்பும் முன்பே உறைந்துவிடும். சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் சுமாராவது இருந்தால் நிம்மதி. 1:43 காரில் அந்த ஒரு மில்லிமீட்டர் நிஜத்தின் 4 சென்டிமீட்டருக்குச் சமம், கண் பொறுத்துக்கொள்ளும். 1:87இல் அதுவே 9 சென்டிமீட்டர். ஜன்னல் ஓரத்துத் தூண்கள் கோட்டைச் சுவர் மாதிரி தடித்துவிடும். அதனால்தான் 1:87இல் பேர்பெற்ற வைக்கிங், ஹெர்பா, பிரெக்கினா போன்ற ஜெர்மன் வண்டிகள் பிளாஸ்டிக்கில் வருகின்றன. பிளாஸ்டிக் இன்னும் மெல்லிய சந்துகளுக்குள் ஓடும். 'உலோகம் உசத்தி, பிளாஸ்டிக் மட்டம்' என்ற கடைத்தெரு நியாயம் இந்த அளவில் தலைகீழாகிறது.

வண்ணத்துக்கும் இதே கதிதான். நிஜக் காரின் பூச்சு சுமார் 0.1 மி.மீ. தடிமன். 87ஆல் வகுத்தால் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல். அவ்வளவு மெலிதாக எந்தத் தூரிகையும் பூசாது. தடித்த பூச்சு கதவு இடுக்குகளை நிரப்பிவிடும். பளபளப்பு இன்னும் மோசம். காரின் கூரையில் நம் அறையின் நான்கடி டியூப்லைட் பிரதிபலிக்கிறது. அந்தச் சின்ன ஊரின் கணக்கில் அது 100 மீட்டருக்கு மேல் நீளமான விளக்கு! அனுபவசாலிகள் புதுக் காரை வாங்கியதும் அதன்மேல் மங்கல் வார்னிஷ் அடிப்பதும், சக்கரத்தடியில் கொஞ்சம் புழுதி நிறம் பூசுவதும் இதனால்தான்.

ஒன்பது டன் பொம்மை

உலோகக் காரைக் கையில் எடுத்தால் கனமாக இருக்கும். அந்தக் கனம்தான் பாதி மகிழ்ச்சி. ஆனால் அது உண்மைக்கு மாறான கனம். நீளம் 64இல் ஒரு பங்கானால் எடை 64இன் கனத்தில், அதாவது 2,62,144இல் ஒரு பங்காகவேண்டும். 1,400 கிலோ கார் 1:64இல் 5 கிராம் சொச்சம்தான் இருக்கவேண்டும். ஹாட் வீல்ஸ் கார் சுமார் 35 கிராம் இருக்கும். அதை நிஜ அளவுக்குப் பெருக்கினால் 9 டன்னுக்கு மேல்.

தெருவோரம் நிற்கிற வண்டிக்கு இந்தக் கனம் நல்லது. ரயில் ஓடும் அதிர்வில் நகராது, துடைக்கும்போது கவிழாது. ரயில்மேல் ஏற்றினால்தான் வம்பு. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ, ஹெச்ஓ பெட்டிகளுக்கு ஒரு எடைப் பரிந்துரை வைத்திருக்கிறது. அடிப்படையாக ஒரு அவுன்ஸ், பிறகு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குலத் திறந்த வேகனுக்கு 4 அவுன்ஸ், ஏறக்குறைய 113 கிராம். அதன் முதுகில் தலா 15 கிராம் என்று இரண்டு உலோகக் கார்களை ஏற்றினாலும் நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் சுமை. அதுவும் உச்சியில். புவியீர்ப்பு மையம் மேலே போய், வளைவில் வேகன் சாயும். வேகனில் ஏற்றும் கார் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

ஓடும் வண்டிக்கும் இதே விதி. ஜெர்மனியின் ஃபாலர் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த அமைப்பில், சாலைக்கு அடியில் மெல்லிய இரும்புக் கம்பி புதைந்திருக்கும். வண்டியின் முன்சக்கரத்தோடு இணைந்த காந்தம் அந்தக் கம்பியைத் தொடர்ந்து திரும்பும். ஹாம்பர்க் நகரில் 2001இல் திறந்த 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்' என்ற மாபெரும் 1:87 லேஅவுட்டில் லாரிகளும் தீயணைப்பு வண்டிகளும் கம்பியை மோப்பம் பிடித்துத்தான் ஓடுகின்றன. சின்ன பேட்டரிக்கு ஒவ்வொரு கிராமும் சுமை. துத்தநாகத்துக்கு அங்கே வேலை இல்லை.

உள்ளிருந்து வரும் நோய்

பழைய டிங்கி ஒன்றை வாங்கும்போது பெட்டியை, வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தைப் பார்க்கவேண்டும். மயிரிழை விரிசல், வீங்கிய கதவு, கொப்புளம் தட்டிய வண்ணம் ஆகியவை தெரிந்தால் அதற்கு 'ஸிங்க் பெஸ்ட்' என்ற நோய். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகளில் இது சகஜம்.

உறைந்த உலோகம் ஒரே கட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே நுண்ணிய படிக மணிகள் நெருக்கியடித்து இருக்கின்றன. கலவையில் ஈயம் கலந்திருந்தால் அது திடத் துத்தநாகத்தில் கரையாமல் மணிகளின் எல்லைகளில் போய் ஒதுங்கும். அந்த எல்லைகளின் வழியே ஈரக்காற்று அரித்துக்கொண்டே உள்ளே போகும். அரிப்பால் உண்டாகும் பொருளுக்கு உலோகத்தைவிட இடம் அதிகம் தேவை. ஆகவே கார் உள்ளிருந்து வீங்கி, வெடித்து, கடைசியில் விரல் பட்டாலே உதிரும். இதற்கு எவ்வளவு ஈயம் வேண்டும்? ஸாமாக்கில் அனுமதிக்கும் ஈயத்தின் அளவு 0.005 விழுக்காடு மட்டத்தில் இருக்கிறது. 100 கிலோ உருகலில் 5 கிராம். ஈய பொம்மைகளும் துத்தநாக வண்டிகளும் ஒரே கூரையின்கீழ் வார்க்கப்பட்ட காலத்தில், ஒரு ஈயத் துண்டு தவறி விழுந்தாலே போதுமானதாக இருந்திருக்கும். 99.99 விழுக்காடு தூய துத்தநாகம் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் நோய் அடங்கியது.

வந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஆனால் இது பக்கத்து வண்டிக்குத் தொற்றாது. வெப்பமும் ஈரமும்தான் இதற்குத் தீனி. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் பழைய வார்ப்புகளைச் சேர்க்கிறவர்கள் கண்ணாடி அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, அவ்வப்போது மாற்றவேண்டும். ஓக் மரப் பலகை அலமாரி வேண்டாம். அந்த மரம் கசியும் அமில ஆவி ஈயத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். மென்மையான பிளாஸ்டிக் டயர்களிலிருந்து கசியும் நெகிழ்வூட்டி, கடினமான பிளாஸ்டிக் சக்கரத்தைக் கரைத்து ஒட்டிக்கொள்ளும். வண்டிகளை மாதக்கணக்கில் பெட்டியில் அடைத்து வைக்காமல் இடையிடையே எடுத்துப் பார்ப்பது நல்லது.

பின்கண்ணாடி சொல்லும் வருஷம்

அளவுக்கு அடுத்தது காலம். ஐரோப்பிய மாதிரி ரயில் சங்கங்களின் கூட்டமைப்பான மோரோப், ரயில் வரலாற்றைக் காலக்கட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறது. ஜெர்மன் லேஅவுட் கட்டுகிறவர்கள் பெரிதும் விரும்புவது மூன்றாம் காலக்கட்டம். நீராவி, டீசல், மின்சாரம் மூன்றும் ஒரே ஸ்டேஷனில் நின்ற காலம் அது.

அந்த ஸ்டேஷன் வாசலில் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் நிற்கலாம். ஆனால் எந்த பீட்டில்? 1953 வரை அதன் பின்கண்ணாடி நடுவில் தூண் வைத்து இரண்டாகப் பிளந்திருந்தது. பிறகு 1957 வரை ஒற்றை நீள்வட்டம். அதன்பின் அகலமான செவ்வகம். 1955இன் ஊரில் செவ்வகக் கண்ணாடி பீட்டில் நின்றால், விவரம் தெரிந்தவருக்கு அது நாடகத்தில் ராஜா கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்த மாதிரி. பிரிட்டனில் தேசிய ரயில்வேயின் வழக்கமான நீராவி ஓட்டம் 1968 ஆகஸ்டில் முடிந்தது. 1959இல் முழுச் சேவைக்கு வந்த ரூட்மாஸ்டர் பஸ் நீராவி எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கலாம். 1970இல் வந்த மூன்றாம் தலைமுறை ஃபோர்டு கார்ட்டினா நிற்க முடியாது. லேஅவுட்டுக்குத் தேதி போடுவது ரயிலைவிடக் கார்தான். எஞ்சின் நாற்பது வருஷம் உழைக்கும். கார் மாடலோ சில வருஷங்களில் மாறிவிடும்.

தப்பான அளவைச் சரியான இடத்தில்

வேறு அளவு வண்டிகள் கைவசம் இருந்தால் தூக்கிப் போடவேண்டியதில்லை. தூரம் காட்டும் வித்தைக்கு அவை உதவும். ஹெச்ஓ லேஅவுட்டின் முன்விளிம்பு கண்ணுக்கு 60 செ.மீ. தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே நிற்கும் 1:87 கார், நிஜக் கார் 52 மீட்டர் தள்ளி நிற்பதுபோல் தெரியும். மேசையின் பின்விளிம்பு கண்ணிலிருந்து 120 செ.மீ. அங்கேயும் 1:87 காரையே வைத்தால் 104 மீட்டர். அதற்குப் பதில் 'என்' அளவில், அதாவது 1:160இல் ஒரு காரை வைத்தால் 192 மீட்டர். முன்னால் 52, பின்னால் 104 என்றிருந்த ஊர், அதே மேசையில் 192 மீட்டர் வரை நீண்டுவிடுகிறது. சினிமாவில் செட் போடுகிறவர்கள் அறிந்த சூத்திரம் இது.

ஒரே நிபந்தனை, ஒரே வகை வண்டி இரண்டு அளவுகளில் அருகருகே நிற்கக் கூடாது. லாரிகளில் கொஞ்சம் சலுகை உண்டு. நிஜ உலகிலேயே லாரி பல அளவில் வருவதால், 1:76 லாரி 1:87 தெருவில் 'கொஞ்சம் பெரிய லாரி' என்று தப்பித்துவிடும். கதவின் உயரமும் ஸ்டியரிங் சக்கரமும்தான் காட்டிக்கொடுக்கும். ஓட்டுநர் பக்கம் சுவரைப் பார்த்து நிற்கும்படி வைத்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது அளவுகோலைவிடக் கைக்கு அடக்கமான ஒரு கருவி இருக்கிறது. ஹெச்ஓ அளவில் ஒரு மனித உருவம். 1.74 மீட்டர் உயரமுள்ள ஆள் 1:87இல் சரியாக 20 மி.மீ. 1.45 மீட்டர் உயரமுள்ள சாதாரணக் கார் அதே அளவில் 17 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அவனுடைய தோளுக்கு வரும். 1:76இல் 19 மி.மீ., நெற்றிக்கு ஏறும். 1:64இல் 23 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆள் காருக்குப் பின்னால் மறைந்தே போவான். அட்டையில் என்ன எண் அச்சிட்டிருந்தாலும் சரி, அந்தச் சின்ன மனிதனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காருக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். கூரைக்கு மேல் அவன் முகம் முழுதாகத் தெரிந்தால் வாங்கலாம்.